சொம்பில் இல்லாத சீட்டு

(பெங்களூருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளை என்ற சொல்லைக் கேட்டாலே இந்த ஊரில் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருவார். சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக் கொடுத்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர்.ரங்கநாதன். கடைசிக் காலத்தைப் பெங்களூருவில் கழித்தவர். துணைவியார் சாரதாவின் பெயரில் நூலக அறிவியலுக்கென ஓர் அறக்கட்டளை வைத்துவிட்டுப் போனார். 1962இல் அவர் இங்கே தொடங்கிய ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஓர் அங்கமாக அமைந்தது. மைசூரு சாலையில் இருக்கும் அந்தக் கழகத்தின் பெங்களூரு வளாகத்தில் இன்றும் நூலகமும் புள்ளியியலும் ஒரே கூரையின்கீழ் குடித்தனம் செய்கின்றன. ஒரு கணக்கு வாத்தியார் அறக்கட்டளை வைத்த ஊரில், ஓய்வுபெற்ற ஒரு புள்ளியியல் வாத்தியாரை அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்திருக்கிறீர்கள். நன்றி.

நான் இன்று பேச வந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலீட்டு நிறுவனம், வாடிக்கையாளர் கூட்டத்தில் பேசச் சொல்லி என்னை அழைத்தது. பத்து ஆண்டுப் பங்குச் சந்தைக் கணக்கை எடுத்து, சராசரி ஆதாயம் இவ்வளவு விழுக்காடு என்று ஒரு தசம இடம்வரை திரையில் போட்டேன். பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா எழுந்தார். "சார், இந்தப் பத்து வருஷத்துக்கு நீங்க சொல்றது சரி. வேற பத்து வருஷம் வந்திருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்றார். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அன்று திரையில் அது இல்லை. "நல்ல கேள்வி" என்று சொல்லி நழுவிவிட்டேன். அந்தக் கூச்சத்தை இன்று கொஞ்சம் தீர்த்துக்கொள்கிறேன்.

பத்துச் சீட்டுகள்

மேசைமேல் ஒரு சொம்பு இருக்கிறது. உள்ளே பத்துச் சீட்டுகள். மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எழுதியிருக்கிறேன். லாப ஈவு சேராத கணக்கு. 2015இல் 5.0 விழுக்காடு இறக்கம். 2016இல் 1.9 ஏற்றம். அடுத்தடுத்த ஆண்டுகளில் 27.9, 5.9, 14.4, 15.8, 22.0, 4.4, 18.7. கடைசியாக 2024இல் 8.2. கூட்டிப் பத்தால் வகுத்தால் 11.4. விளம்பரங்களில் வருவது இந்த மாதிரியான எண்தான்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். வேறு பத்து ஆண்டுகளுக்கு எங்கே போவது? காலத்தைத் திருப்பி ஓட்ட முடியாது. கையில் இருப்பது இந்தப் பத்துச் சீட்டுகள்தான். ஆகவே இவற்றையே கொண்டு வேறு பத்து ஆண்டுகளைச் செய்துகொள்வோம். ஒரு சீட்டை எடு, எண்ணைக் குறித்துக்கொள், சீட்டை மறுபடி சொம்பில் போட்டுக் குலுக்கு, அடுத்ததை எடு. இப்படிப் பத்து முறை. எடுத்ததைத் திரும்பப் போடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் வரும் குடவோலையில் ஒரு சிறுவன் பானைக்குள் கைவிட்டு எடுத்த ஓலை திரும்ப உள்ளே போகாது. அது ஆளைத் தேர்ந்தெடுக்கும் சீட்டு. இங்கே திரும்பப் போடாவிட்டால் பத்து முறை எடுத்த பிறகு அதே பத்துச் சீட்டுகள், அதே 11.4. ஒன்றும் தெரிந்திருக்காது.

முன்வரிசையிலிருந்து ஒரு மாணவி வந்து எடுத்தார். 2022, 2015, 2019, மறுபடி 2015, 2024, 2017, மறுபடி 2022, 2016, 2018, மறுபடி 2024. மூன்று ஆண்டுகள் இரண்டிரண்டு முறை வந்தன. 2020, 2021, 2023 வரவே இல்லை. சராசரி 6.5. இரண்டாம் முறை நல்ல ஆண்டுகள் கூடுதலாக வந்தன, சராசரி 14.2. சொம்பு அதேதான், சீட்டுகளும் அவையேதான்.

இதைப் பத்தாயிரம் முறை செய்யச் சொல்லிக் கணினியிடம் கொடுத்தால், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும். பத்தாயிரம் சராசரிகளையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, கீழே 250, மேலே 250 தள்ளிவிடுங்கள். மிஞ்சியவை ஏறக்குறைய 5.5 முதல் 17 வரை பரவிக் கிடக்கும். அந்த அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இந்த வடிவத்தில்தான் இருந்திருக்க வேண்டும்: "பதினொன்றரை என்று தெரிகிறது அம்மா, ஆனால் பத்தே ஆண்டுகளை வைத்து ஐந்தரைக்கும் பதினேழுக்கும் இடையே எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாது."

இந்த அகலம் சின்ன விஷயம் இல்லை. ஒரு லட்சம் ரூபாயை 20 ஆண்டு கூட்டுவட்டியாக ஓட்டிப் பாருங்கள். 5.5 விழுக்காட்டில் சுமார் 2.9 லட்சம். 11.4இல் 8.7 லட்சம். 17இல் 23 லட்சம். ஓய்வுக்காலத் திட்டம் போடுகிற ஒருவருக்கு நடு எண்ணை மட்டும் சொல்லி அனுப்புவது, பாலத்தின் நீளத்தைச் சொல்லிவிட்டு அது எவ்வளவு ஆடும் என்பதை மறைப்பதற்குச் சமம்.

தன் கையே தனக்குதவி

இந்த முறையை 1979இல் அன்னல்ஸ் ஆஃப் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இதழில் வெளியிட்டவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிராட்லி எஃப்ரான். புள்ளியியலாளர்கள் கெனுயியும் டூக்கியும் முன்பே வளர்த்திருந்த ஜாக்நைஃப் என்ற முறையை இன்னொரு கோணத்தில் பார்க்கப் போய் இதைக் கண்டார். அவர் வைத்த பெயர் பூட்ஸ்ட்ராப். பூட்ஸின் வாரைத் தானே பிடித்து இழுத்துத் தன்னைத் தூக்கிக்கொள்ளும் வித்தை. நம் மொழியில் தன் கையே தனக்குதவி.

அதுவரை பிழையின் அளவைச் சொல்லப் பெரும்பாலும் ஒரு சூத்திரம் வேண்டியிருந்தது. சராசரிக்குச் சூத்திரம் இருந்தது. நடுவெண்ணுக்கோ இரு பங்குகளின் ஒட்டுறவுக்கோ போனால் இயல்நிலைப் பரவல் என்று எதையாவது முதலில் நம்பிக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எஃப்ரான் நம்பிக்கைக்குப் பதிலாக உழைப்பை வைத்தார். அந்த உழைப்பைக் கணினி மலிவாக்கிக்கொண்டிருந்த காலம் அது. பத்து ஆண்டு முந்தி வந்திருந்தால் இந்த யோசனை செல்லுபடியாகியிருக்காது.

ஆனால் இதன் வேர் நம் வயல்களிலும் இருக்கிறது. 1920களில் பீகார், ஒரிசா நெல் வயல்களில் விளைச்சலை மதிப்பிட ஹப்பேக் என்ற அதிகாரி சிறுசிறு துண்டு நிலங்களை அறுத்து எடை போட்டார். 1930களின் இறுதியில் வங்காளச் சணல் கணக்கெடுப்பில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் ஒரு படி மேலே போனார். ஒரே பகுதிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு மாதிரிகள், தனித்தனிக் குழுக்கள். இரண்டு விடைகளும் எவ்வளவு விலகுகின்றனவோ, அதுவே பிழையின் அளவு. சூத்திரம் வேண்டாம், மாதிரியே தன் பிழையைச் சொல்லிவிடும். பூட்ஸ்ட்ராப்பின் முன்வரலாற்றை 2003இல் எழுதிய ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் பீட்டர் ஹால், இந்த இருவரின் வேலையிலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்.

கன்னட மண்ணோடும் ஒரு தொடர்பு உண்டு. இன்றைய விஜயநகர மாவட்டத்து ஹடகலியில் 1920இல் பிறந்தவர் சி.ஆர்.ராவ். அப்போது அது சென்னை மாகாணம். ஒரு மதிப்பீட்டின் பிழை எந்த அளவுக்குக் கீழே போகவே முடியாது என்று 1945இல் அவர் நிறுவினார். நம் கையிலுள்ள மதிப்பீட்டின் பிழை எவ்வளவு என்று கண்டுபிடிக்க எஃப்ரான் வழி சொன்னார். புள்ளியியலின் சர்வதேசப் பரிசு 2019இல் எஃப்ரானுக்கும் 2023இல் ராவுக்கும் போனது. பரிசு பெற்ற அதே ஆண்டில் ராவ் மறைந்தார்.

எஃப்ரான் சொன்னது வேலை செய்கிறது என்பது ஒன்று. ஏன் வேலை செய்கிறது என்று நிறுவுவது வேறு. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் படித்த கேசர் சிங், பல இடங்களில் இது பழைய இயல்நிலைத் தோராயத்தைவிட நெருக்கமான விடை தருகிறது என்று 1981இல் காட்டினார். அந்த ஒரு கட்டுரைதான் பலரை இந்தப் பக்கம் இழுத்து வந்தது.

கொத்தாக வரும் நாட்கள்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது உண்மையாவது எதனால்? எல்லா அரிசியும் ஒரே உலையில், ஒரே கொதியில் வெந்ததால். பங்குச் சந்தையின் நாட்கள் அப்படி வெந்தவை அல்ல.

2020 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12ஆம் தேதி சென்செக்ஸ் 8.2 விழுக்காடு விழுந்தது. 16ஆம் தேதி ஏறக்குறைய 8. 23ஆம் தேதி 13.15. மூன்று பெரும் சரிவுகளும் இரண்டே வாரத்துக்குள். கலங்கிய நாளுக்குப் பின்னால் கலங்கிய நாள் வருகிறது. அமைதியான மாதத்தில் அமைதியான நாட்கள் வருகின்றன. ஒவ்வொரு நாளையும் தனிச் சீட்டாக்கிக் குலுக்கினால் இந்தக் கொத்து உதிர்ந்துவிடும். மூன்று சரிவுகளும் பத்து ஆண்டுகளில் ஆங்காங்கே சிதறி, சந்தை இருந்ததைவிடச் சாதுவாகத் தெரியும். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவரை முடித்துவிடுவது ஒரு நாள் சரிவு இல்லை. எழுவதற்குள் அடுத்த அடி விழுவதுதான்.

இதற்கு மாற்று, நாட்களைத் தனித்தனியாக எடுக்காமல் இருபது நாள், முப்பது நாள் என்று தொடர்ச்சியான துண்டுகளாக எடுப்பது. குன்ஷ் 1989இலும், லியூவும் கேசர் சிங்கும் 1992இலும் இதை வகுத்தார்கள். துண்டின் நீளத்தையே தற்செயலாக மாறவிடும் வகையைப் பாலிட்டிஸும் ரோமானோவும் 1994இல் தந்தார்கள். இந்தத் துறைக்கு எஸ்.என்.லாஹிரி 2003இல் எழுதிய நூல் இன்றும் கைவிளக்கு. நிதித் துறையில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளே, உங்கள் நிரலில் ஒரு வரி பூட்ஸ்ட்ராப் இருந்தால், அது நாளைக் குலுக்குகிறதா, துண்டைக் குலுக்குகிறதா என்று இன்றிரவே பாருங்கள்.

ஆத்ரேயா காட்டிய ஓட்டை

"டாட்டா இன்ஸ்டிட்யூட்" என்று இந்த ஊர் இன்னும் அழைக்கும் இந்திய அறிவியல் கழகத்தில் 1970களில் பேராசிரியராக இருந்தவர் கே.பி.ஆத்ரேயா. சென்னையில் படித்து, கொல்கத்தா வழியாக ஸ்டான்ஃபோர்டு போய் 1967இல் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார், 2023இல் காலமானார். எல்லாரும் பூட்ஸ்ட்ராப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில், 1987இல், அது தோற்கும் இடத்தை ஒரு கட்டுரையில் துல்லியமாகக் காட்டினார். சிதறல் முடிவிலியாகப் போகும் தரவுகளில், எவ்வளவு பெரிய மாதிரி எடுத்தாலும் சராசரிக்கு இந்த முறை சரியான விடைக்கு வந்து சேராது.

ஏன் என்பதைச் சொம்பை வைத்தே பார்க்கலாம். ஆயிரம் சீட்டுகளில் ஒன்றில் மட்டும் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும் ஒரு பிரம்மாண்ட எண் என்று வையுங்கள். ஆயிரம் முறை எடுக்கும்போது அந்தச் சீட்டு ஒருமுறைகூட வராமல் போக 37 விழுக்காடு வாய்ப்பு. ஒரே முறை வரவும் ஏறக்குறைய 37. மிச்சம் 26 விழுக்காட்டில் இரண்டு முறையோ கூடுதலாகவோ வரும். ஆகவே மீள்மாதிரியின் சராசரி, அந்த ஒரு சீட்டு எத்தனை தடவை வந்தது என்பதைத்தான் சொல்கிறது. சந்தையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சீட்டுகளைப் பெருக்கினாலும் புதிதாக ஒரு பிரம்மாண்டச் சீட்டு வந்து அதே ஆட்டத்தை ஆடும். முழு எண்ணிக்கையில் எடுக்காமல், அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையில் சீட்டெடுப்பது இதற்கு ஒரு மருந்து.

பங்கு விலைகளின் சிதறல் முடிவிலியா? 1963இல் பருத்தி விலையைப் பார்த்து மாண்டல்பிராட் அப்படித்தான் வாதிட்டார். பின்னால் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆகவே சராசரிக்குப் பூட்ஸ்ட்ராப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் "மிக மோசமான நாளில் எவ்வளவு போகும்?" என்று கேட்கும்போது ஆத்ரேயாவின் எச்சரிக்கை கதவைத் தட்டும்.

ஒரு சோதனை செய்யுங்கள். 2019 டிசம்பர் 31இல் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். 2010 முதல் 2019 வரையிலான எல்லா வணிக நாட்களையும் சீட்டாக எழுதிச் சொம்பில் போடுகிறீர்கள். கிட்டத்தட்ட இரண்டாயிரத்து ஐந்நூறு சீட்டுகள். அவற்றில் மிக மோசமானது 2015 ஆகஸ்ட் 24, சென்செக்ஸ் 5.94 விழுக்காடு விழுந்த நாள். பத்தாயிரம் முறை குலுக்குங்கள், பத்துக் கோடி முறை குலுக்குங்கள். 5.94ஐத் தாண்டிய ஒரு நாள் வராது. மூன்றே மாதத்தில் 13.15 வந்தது. சொம்பில் இல்லாத சீட்டை எந்தக் கையாலும் எடுக்க முடியாது. 2008 அக்டோபரை உள்ளே போட்டிருந்தால் ஏறக்குறைய பதினொரு விழுக்காட்டுச் சரிவு ஒன்று கிடைத்திருக்கும். ஆகவே எத்தனை முறை குலுக்கினாய் என்பதைவிட, சொம்பில் எதைப் போட்டாய் என்பதே முதல் கேள்வி.

சீட்டைப் பார்த்துப் பொறுக்குவது

இந்த ஊரில் கோரமங்களா, எச்எஸ்ஆர் லேஅவுட் பக்கம் ஒரு காபி குடிக்கப் போனால் பக்கத்து மேசையில் பேக்டெஸ்ட் பேச்சு கேட்கும். என் பழைய மாணவர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். பழைய விலைகளில் ஓட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு நாற்பது விழுக்காடு தரும் வணிக விதி. "எத்தனை விதிகளை ஓட்டிப் பார்த்தாய்?" என்றேன். "ரெண்டாயிரம் இருக்கும் சார்" என்றார். இரண்டாயிரம் பேரை ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டச் சொன்னால் அவர்களில் ஒருவராவது பத்திலும் தலை போட வாய்ப்பு அதிகம். அவரைத் திறமைசாலி என்று வேலைக்கு வைத்துக்கொள்வோமா?

இதைச் சோதிக்க ஹால்பர்ட் வைட் 2000இல் துண்டுப் பூட்ஸ்ட்ராப்பை வைத்தே ஒரு முறை வகுத்தார். வென்ற ஒரு விதியை மட்டும் குலுக்காமல், ஓட்டிப் பார்த்த அத்தனை விதிகளையும் சேர்த்துக் குலுக்கி, "வெறும் அதிர்ஷ்டமே இருந்திருந்தாலும் முதலிடம் இவ்வளவு வாங்கியிருக்குமா?" என்று கேட்பது. அவரும் சலிவனும் டிம்மர்மனும் டவ் ஜோன்ஸ் குறியீட்டின் நூறு ஆண்டு விலைகளில் 7,846 விதிகளை இப்படி உரசிப் பார்த்தார்கள். பழைய காலத்தில் தேறிய சிறந்த விதி, அடுத்து வந்த பத்தாண்டில் தேறவில்லை. நம் நாட்டு நிலவரமும் உங்களுக்குத் தெரியும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, விருப்பத்தேர்வு வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டப்பட்டனர் என்று செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டது. அவர்களில் எத்தனை பேர் கையில் ஓர் அழகான பேக்டெஸ்ட் இருந்திருக்கும்!

ஆய்வு மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாய்மொழித் தேர்வுகளுக்குப் போகும்போது மேலாண்மை ஆய்வேடுகளில் அடிக்கடி ஒரு வரியைப் பார்க்கிறேன்: "5,000 பூட்ஸ்ட்ராப் மாதிரிகள் எடுக்கப்பட்டன." மென்பொருளில் அந்தப் பெட்டியில் 5,000 என்று இருக்கிறது, டிக் அடித்திருக்கிறார்கள். ஒருமுறை, "உங்கள் மாதிரி அளவு என்ன?" என்றேன். "ஐயாயிரம் சார்." வினாப்பட்டியலை நிரப்பியவர்கள் இருநூறு பேர். இருநூறு பேரை ஐயாயிரம் முறை குலுக்கினாலும் அவர்கள் இருநூறு பேர்தான். அந்த இருநூறு பேரும் ஒரே கல்லூரி நண்பர்கள் வழியாக வந்தவர்கள் என்றால், அந்தச் சாய்வு குலுக்கலில் போகாது. ஐயாயிரம் முறை திரும்பத் திரும்ப உறுதியாகத்தான் தெரியும். மாதிரி எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பூட்ஸ்ட்ராப் காட்டும். மாதிரி கோணலா என்பதைக் காட்டாது. அதற்கு ஹப்பேக்கைப் போல வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆண்டுகளும் ஆட்களும் குறைவாக இருக்கும் இடத்தில், சூத்திரம் கைவிடும் இடத்தில், இவ்வளவு நேர்மையான கருவி நமக்கு வேறு வாய்க்கவில்லை. அதன் நேர்மை சொம்பின் விளிம்போடு முடிகிறது என்பதை மறக்கிறவர்கள் கையில் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும்.

அந்த அம்மாவை நான் மறுபடி பார்க்கவில்லை. அவருக்குத் தர வேண்டியதை உங்களிடம் தருகிறேன். இனி எங்கே ஒரு சராசரியை எழுதினாலும் அதன் பக்கத்திலேயே அதன் இடைவெளியையும் எழுதுங்கள். அதற்குக் கீழே, சொம்பில் எந்த ஆண்டுகளின் சீட்டுகள் இருந்தன, எவை இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள்.